பன்னிரண்டாவது குழாய்

பிப்ரவரி 24

கொக்குக்கு ஏணியின் அன்பு.

நான் நலம். நம்பிக்கையில்லாவிட்டால் வந்து நெஞ்சில் தட்டிப் பார்த்துக்கொள். எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், டங்கென்று கேட்கும். நீ நலமா? உன் நீச்சல் குளமும், அதில் தவளை மாதிரி குதிக்கிற பிள்ளைகளும் நலமா?

போன வாரம் உன்னோடு போனில் பேசி முடித்தபோது என் பிரஷர் நூற்று ஐம்பத்தெட்டு. உன் அத்தான் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "நூத்தி இருபதைத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கார். இனிமே அக்காவும் தங்கச்சியும் லெட்டர்லயே கத்திக்குங்க. இது என் யோசனை இல்ல, உன் தங்கச்சி சொன்னது." உனக்கு இப்படியெல்லாம் யோசனை வருமா என்று ஆச்சரியமாக இருந்தது. சரி, எழுதுவோம்.

எனக்கு என்ன நடந்தது என்று நேற்றுத்தான் டாக்டர் படம் காட்டிச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக நான் தொழிற்சாலையில் பார்ப்பதுதான். தீயணைப்பு வண்டிக் குழாய்க்கு வெளியே நெய்த உறை, உள்ளே ரப்பர் உறை. உள்ளுறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் புகுந்து உரித்துக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் குழாய் பருத்து ஜோராக இருக்கும். உள்ளே வழி நசுங்கிப்போயிருக்கும்.

"எனக்கு லைனிங் உரிஞ்சிடுச்சு. அவ்வளவுதானே டாக்டர்?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "பெருந்தமனி கிழியறதுன்னா என்னன்னு மாணவர்களுக்குப் புரியவைக்க நான் ஒரு மணி நேரம் பேசறேன்மா" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் ஓடக்கூடியதாம். கூடப்பிறந்தவர்கள் கட்டாயம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கள் வேலையிலும் அதுதான் சட்டம். ஒரு குழாயில் லைனிங் உரிந்தால் அதே லாட்டில், அதாவது ஒரே தொகுப்பில் வந்த எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்கி அழுத்தம் கொடுத்துப் பார்ப்போம். அப்பா அம்மா போட்ட லாட்டில் நாம் இரண்டே பேர். எப்போது ஸ்கேன் எடுக்கிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஏணி

*

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. நீ கிண்டல் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்று தெரிந்தது. நான் நலம். அத்தான் நலமா? அவரைப் போட்டுப் படுத்தாதே.

ஜனவரி பதினொன்றை எழுதிவிடுகிறேன், ஒருமுறை எழுதினால்தான் போகும். நான் பயிற்சி முகாமுக்காக உன் ஊரில் இருந்தது அதிர்ஷ்டம். அத்தான் வெளியூரில். ஆபரேஷன் அறைக் கதவருகே டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டார். "முன்னாடி கிழிஞ்ச பகுதியை வெட்டிட்டு நெய்த குழாய் வைக்கணும். அது செஞ்சே ஆகணும். ஆனா உரிஞ்சது வளைவைத் தாண்டி முதுகுப் பக்கம் இறங்கியிருக்கு. திறந்திருக்கும்போதே உள்ள ஒரு ஸ்டென்ட், கம்பி வலை மாதிரி, விரிச்சுவிட்டா உரிஞ்ச படலம் சுவரோட ஒட்டிக்கும். கூடுதல் வேலைதான். புதுசு. இதுவரைக்கும் நல்லாத்தான் வந்திருக்கு. பத்து வருஷம் கழிச்சு எப்படியிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டு நிமிஷம்."

நீ எடுக்க வேண்டிய முடிவை உன்னைக் கேட்காமல் நான் எடுத்தேன், வலையும் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே போட்டிக் காலம். பார்க்கலாம்.

மாத்திரையை விடாதே.
கொக்கு

*

மார்ச் 15

கொக்கே,

நலம், நலமறிய ஆவல், எல்லாம் இருக்கட்டும். நீ போட்டது நல்ல கையெழுத்து. கிழிந்த இடத்தை மட்டும் ஒட்டிவிட்டு மிச்ச நீளத்தை அப்படியே விடுகிறவனை எங்கள் பட்டறையில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டோம். டாக்டரும் நம் ஜாதிதான் என்று தெரிந்துகொண்டேன், வேலையில் சொல்கிறேன்.

இங்கே வீட்டில் என்னைக் கண்ணாடிச் சாமானாக வைத்திருக்கிறார்கள். உன் அத்தான் வாளிகளை ஒளித்துவைக்கிறார். பக்கத்து வீட்டு டீச்சரம்மா வந்து, என் முன்னாலேயே, "நல்லாத்தான் இருந்தாங்க, பாவம்" என்கிறாள். "இப்பவும் நல்லாத்தான் இருக்கேன், உட்காருங்க" என்றேன். உட்காரவில்லை. நான் எழுந்தால் உடைந்துவிடுவேன் என்ற பயத்தில் நின்றுகொண்டே போய்விட்டாள்.

படுத்திருக்கும்போது அப்பாவை நினைக்கிறேன். நாற்பத்தொரு வயது. சவரக் கண்ணாடி முன்னால் நின்றவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், முடிந்தது. மாரடைப்பு என்றார்கள். மாரடைப்புக்காரர் ஏன் முதுகைப் பிடித்தார் என்று நாம் யாருமே கேட்கவில்லை. ஆறடி இரண்டங்குலம், விரல்கள் ஒவ்வொன்றும் முழ நீளம். அந்த நீளத்தை வாங்கித்தான் நான் ஏணியானேன், நீ கொக்கானாய். வேறு என்ன வாங்கினோம் என்று ஒரு இயந்திரம் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடும்.

போட்டிக் காலமாவது கீட்டிக் காலமாவது. போ.

ஏணி

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குத் திட்டாதே. நலமாக இருக்கிறேன். முகாம், போட்டி, அதற்குமேல் குளத்து மோட்டார் பழுது. நீ நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று அத்தான் எழுதினார். அவர் கையெழுத்தைப் பார்த்தபோது அவருக்கும் ஒரு டாக்டர் தேவை என்று தோன்றியது.

நான் இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை. தோள்பட்டை வலி. கரையில் நின்று விசில் ஊதுகிறேன். பிள்ளைகள் கண்டபடி நீந்துகிறார்கள். ஒரு குட்டிப் பெண், "மிஸ், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள்.

உன் மூன்று மாத ஸ்கேன் என்றைக்கு? வந்ததும் எழுது. வலை விரிந்திருக்கிறதா, நகர்ந்ததா, எல்லாம் கேள். ஒரு வார்த்தை விடாமல் எழுது.

கொக்கு

*

ஏப்ரல் 21

கொக்குக்கு அன்பு.

நான் நலமோ நலம். ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். நீ போன கடிதத்தில் விட்ட வார்த்தை எது என்று உனக்கே தெரியும்.

ஸ்கேனில் வலை அழகாக விரிந்து நிற்கிறது. நசுங்கியிருந்த வழி திறந்துவிட்டது. உரிந்த இடத்தில் புகுந்த ரத்தம் வலைக்குப் பின்னால் உறைந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. வலை முடியும் இடத்துக்குக் கீழே கொஞ்சம் இன்னும் திறந்திருக்கிறது. "கண்காணிக்கணும், ஆறாவது மாசம் மறுபடியும் பார்ப்போம்" என்றார். கண்காணிப்பதுதானே என் தொழில்.

இரண்டாவது செய்தி, வேலைக்குப் போய்விட்டேன். டாக்டர் காகிதம் கொடுத்தார்: தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, மற்றபடி சரி. மேனேஜர் எனக்கு ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி போட்டுவைத்திருந்தார், மெத்தையோடு.

"உங்க நல்லதுக்குத்தான் மேடம். சோதனை மேடையில ரிஸ்க் இருக்கு. உள்ளயே ஒட்டுப் போட்டு வந்திருக்கீங்க."

"ஒட்டுப் போட்ட குழாயை நாம என்ன சார் பண்றோம்? குப்பையில போடறோமா?"

"அது..."

"அழுத்தம் வச்சுப் பார்த்து, தாங்குச்சுன்னா முத்திரை குத்தி வண்டியில ஏத்தறோம். எனக்குப் பார்த்தாச்சு. முத்திரை இதோ." சட்டைப் பித்தானில் கை வைத்தேன். மனிதர் பதறிப்போய், "வேண்டாம் வேண்டாம், நம்பறேன்" என்று ஓடினார்.

குழாயை மேடையில் பூட்ட ஒரு ஆள் கொடுத்திருக்கிறார்கள். வால்வைத் திறப்பது நான், அழுத்தமானியைப் படிப்பது நான். அந்த மெத்தை நாற்காலியில் இப்போது ஸ்டோர்க்காரர் தூங்குகிறார்.

உன் ஸ்கேன்? இது மூன்றாவது முறை கேட்பது.

ஏணி

*

மே 23

அக்கா,

நலம். நீ வேலைக்குப் போனது தெரிந்து பயந்தேன், பிறகு சிரித்தேன்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. எல்லாம் சரி. இனி இந்தப் பேச்சை விடு.

கொக்கு

*

மே 31

கொக்கே,

நலம். ஒரு மாதம் கழித்து நான்கு வரி எழுதியிருக்கிறாய்.

"சரி" என்பது அளவு இல்லை. எங்கள் பதிவேட்டில் அந்த வார்த்தையை யாராவது எழுதினால் நான் அடித்துவிட்டு, எண் எங்கே என்று கேட்பேன். உன் பெருந்தமனியின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்?

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு லாட்டில் ஒரு குழாய் உரிந்தது. மொத்தம் பன்னிரண்டு. மிச்சத்தையெல்லாம் இறக்கிப் பார்த்தேன், பன்னிரண்டாவதைத் தவிர. அது கண்காட்சிக்குப் போய்வந்த குழாய், பளபளவென்று இருந்தது. வண்டி வாசலில் நின்றது. "சரி" என்று எழுதி முத்திரை குத்தினேன். தீயணைப்புப் பயிற்சியின்போது அது வெடித்து, பிடித்திருந்த வீரரின் தோள் எலும்பு உடைந்தது. அவரைப் பார்க்கப் போனேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. "எல்லாத்தையும் பார்த்தீங்களாமே, இதை மட்டும் ஏன்மா விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எண் அனுப்பு.

ஏணி

*

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

உன் கதையைப் படித்துவிட்டுக் குளத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நலம். எண் கேட்டாய்: மூன்று சொச்சம். ரிப்போர்ட் எங்கேயோ வைத்துவிட்டேன், தேடி அனுப்புகிறேன்.

நீ என்னைப் பற்றிக் கவலைப்பட்டுப் பிரஷரை ஏற்றிக்கொள்ளாதே. ஜூலை ஸ்கேன் நல்லபடியாக வரட்டும், பிறகு எல்லாம் பேசுவோம். மாத்திரையை நேரத்துக்குப் போடு. அது சும்மா விடாது என்று தெரியும், விரல் நுனியெல்லாம் சில்லிட்டுச் செத்துப்போகும், காலையில் ஒரு சட்டைப் பித்தான் போடுவதற்குள் யுகம் போய்விடும். அதற்காக விட்டுவிடாதே. கையை வெந்நீரில் வைத்துக்கொண்டால் தேவலை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

கொக்கு

*

ஜூன் 16

என் விரல் சில்லிடுவதை நான் உனக்கு எழுதவில்லை. உன் அத்தானிடமும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று கையுறைக்குள் மறைத்துவைத்திருந்தேன்.

அது அந்த மாத்திரையைப் போடுகிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எத்தனை சென்டிமீட்டர்?

*

ஜூன் 24

அக்கா,

நான்கு புள்ளி ஒன்பது. மூன்று சொச்சத்தில் இருக்க வேண்டியது.

ஜனவரி பதினான்கிலேயே பார்த்துவிட்டார்கள். நீ குழாய்கள் செருகி நினைவில்லாமல் கிடந்தாய். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்டார். அன்றைக்கே ஸ்கேன். நம் குடும்பத்தில் கிழிந்த கதை இருப்பதால் காத்திருக்க வேண்டாம், கிழிவதற்கு முன்பே மாற்றிவிடலாம் என்றார். ஏப்ரலில் தேதி கொடுத்தார். தள்ளிப்போட்டேன். மே. அதையும் தள்ளினேன். உன் ஆறாவது மாத ஸ்கேன் நல்லபடியாக வரட்டும், நூற்று இருபதைத் தாண்ட வைக்கிற எதையும் உன் காதில் போடக் கூடாது என்று நினைத்தேன். டாக்டர் திட்டினார். அத்தானிடம் மட்டும் சொன்னேன், சத்தியம் வாங்கிக்கொண்டு. போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் கடிதம் என்றேன்.

எல்லாம் உனக்காக என்று எழுதி முடித்துவிட்டேன். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். அது பாதிதான் உண்மை. உனக்குப் போட்ட வலை நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் மேஜையில் படுப்பேன் என்று இருந்தேன். நிற்காவிட்டால், அந்தக் கையெழுத்தும் என்னுடையது, அடுத்து அறுக்கப்போகும் உடம்பும் என்னுடையது. உன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன், அக்கா. எனக்குப் பயம்.

உன் பிரஷரைப் பார். இப்போதே பார்.

கொக்கு

*

ஜூன் 28

அடியே,

பார்த்தேன். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் நூற்று முப்பத்தொன்று. உன் அத்தானைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினேன். "அவ சத்தியம் வாங்கிட்டா" என்றார். "கல்யாணத்தன்னைக்கு எனக்கு ஒண்ணு பண்ணீங்களே, அது என்ன?" என்றேன். மாத்திரை போட்டேன், கால் மணி நேரம் உட்கார்ந்தேன். மறுபடியும் பார்த்தேன். நூற்றுப் பதினாறு.

நன்றாகப் படித்துக்கொள். உண்மை தெரிந்தது, கோபம் வந்தது, நான் வெடிக்கவில்லை. ஐந்து மாதமாக நீங்கள் எல்லோரும் சேர்ந்து எந்தக் குழாயைப் பஞ்சில் பொத்தி வைத்தீர்களோ அது தாங்குகிறது. பஞ்சில் வைக்க வேண்டியதை நீ விசில் கொடுத்துக் கரையில் நிற்க வைத்திருந்தாய்.

மறுநாள் காலை டாக்டரிடம் போனேன்.

"நீங்களும் கூட்டா டாக்டர்?"

"நோயாளி சொல்லக் கூடாதுன்னா நான் சொல்ல முடியாதும்மா."

"இப்ப நானே கேக்கறேன். எப்ப செய்வீங்க?"

"அவங்க வரணுமே."

"வருவா."

ஜூலை பதினைந்து. அவரே. கிழியாத இடத்தில் வலை வேண்டாமாம், உனக்கு வெறும் நெய்த குழாய் மட்டும்தான். அந்த விஷயத்தில் நான்தான் பெரியவள். என் ஆறாவது மாத ஸ்கேனையும் அதே வாரத்தில் வைக்கச் சொல்லிவிட்டேன். அது எப்படி வந்தாலும் உன் தேதி மாறாது. என்னைச் சாக்காக வைத்துக்கொண்டு இனி ஒரு நாள்கூட நீ தள்ளிப்போட முடியாது.

பயமா? எனக்கும் பயம்தான். எனக்கு நடந்தபோது பயப்பட நேரம் கொடுக்கவில்லை, உனக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பயத்தோடு வா. அதைக் கழற்றிவிட்டு வரச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் தேதி ரயிலடியில் நிற்பேன். பெட்டியைத் தூக்க உன் அத்தான் வருவார். அவர் செய்ததற்கு அதுதான் தண்டனை.

ஏணி

*

ஜூலை 15

கொக்கே,

கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று இந்த முறை உன்னைக் கேட்க முடியாது.

காலையில் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நீ சொன்னாய், "ஏணி, நீ கீழ இருந்து பிடிச்சுக்க." தையல் பிரிந்துவிடும் என்று சிரிப்பை அடக்கினேன். அப்புறம்தான், எனக்குத் தையல் பிரித்து ஐந்து மாதமாகிவிட்டது என்று ஞாபகம் வந்தது. தாராளமாக அழுதேன்.

கவுண்டரில் இருந்தவள் என் ஃபைலைப் பார்த்துவிட்டு, "நீங்களே ஹார்ட் பேஷன்ட். வேற யாராவது கையெழுத்துப் போடட்டுமே" என்றாள்.

"போன தடவை எனக்கு அவ போட்டா. இந்தத் தடவை அவளுக்கு நான். இதுல வேற யாரும்மா வரணும்?"

நான்கு பக்கத்தையும் படித்தேன். ஏழு கேள்வி கேட்டேன். உனக்குக் கிடைத்தது இரண்டு நிமிஷம், நான் எடுத்துக்கொண்டது நாற்பது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

என் ஸ்கேன் நேற்று வந்துவிட்டது. உன்னிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, ஒரே ஒரு நாள் மறைத்தேன், அதற்குள் நாலு தடவை சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ ஐந்து மாதம் எப்படி இருந்தாய்? வலை நிற்கும் நீளம் முழுவதும் உரிந்த வழி மூடிவிட்டது. கீழே இன்னும் ஒரு விரல் அகலம் திறந்திருக்கிறது, பெரிதாகவில்லை. வருஷா வருஷம் பார்க்க வேண்டும். பார்ப்பேன். நீ அன்றைக்கு இரண்டு நிமிஷத்தில் போட்ட கையெழுத்து நிற்கிறது.

மணி இரண்டே கால். உன் அத்தான் மூன்றாவது டீ வாங்கப் போயிருக்கிறார்.

கதவு திறக்கிறது.

இப்போது மூன்று மணி. டாக்டர் வெளியே வந்தார். மானியில் முள்ளைப் படிப்பதுபோல அவர் முகத்தைப் படித்தேன். முள் ஆடவில்லை. என் மடியிலிருந்த இந்தக் காகிதத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "இவ்வளவு மெலிஞ்சு போயிருந்தது. மாத்தியாச்சு. நல்லா இருக்காங்க. இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, "உங்க பிரஷர் எவ்வளவு?" என்றார்.

"அப்புறம் பார்த்துக்கலாம் டாக்டர். அவளோடது எவ்வளவு?"

"நூத்திப் பத்து."

எண் கிடைத்தது. பன்னிரண்டாவதையும் பார்த்தாகிவிட்டது.

இந்தக் கடிதத்தை உன் தலையணைக்குக் கீழே வைக்கச் சொல்லி நர்ஸிடம் கொடுக்கிறேன். கூடவே உன் போனையும். பீரோவைத் திறந்து என்னுடையதையும் எடுத்துவிட்டேன். தொண்டைக் குழாயை எடுத்து, குரல் வந்ததும், முதல் வேலையாக எனக்குப் போன் அடி. நான் பத்தடி தள்ளித்தான் இருப்பேன், ஆனாலும் போனிலேயே கூப்பிடு.

ஐந்து மாதச் சண்டை காத்திருக்கிறது. நான்தான் ஆரம்பிப்பேன்.

ஏணி